வாலிப உழவர் சங்கமும் கிராம ஜீவனமும்

(கோவிற்பட்டிக் கரிசல் பிரதேசத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வாலிப உழவர் சங்கத்தைப் பற்றியது. கிராமத்திலேயே ஒரு தொழிலையோ உத்தியோகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும் வாலிபன் அத்துடன் உழவர் சங்கமொன்றிலும் சேர்ந்து உழைப்பது சாத்தியமா, சாத்தியமானால் அதனால் அவனுக்கும் ஊருக்கும் உண்டாகும் பிரயோஜனம் யாது, அதற்கு இந்தக் கூட்டுறவுச் சங்கம் செய்ய வேண்டிய உதவி யாது என்னும் மூன்று கேள்விகளுக்கும் என்னால் இயன்ற மட்டும் விடை சொல்ல முயலுகிறேன்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். கூட்டம் கலைந்த பிறகு உங்கள் சங்கத்து அங்கத்தினர் புத்தகத்தை எடுத்து, முப்பது வயதுக்குட்பட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் போன வருஷ மகாசபைக்கு வந்தவர் எத்தனை பேர் என்றும் பாருங்கள். கிடைக்கும் இலக்கமே இந்தப் பிரசங்கத்தின் அவசியத்தை என்னைவிடத் தெளிவாய் எடுத்துரைக்கும். வாங்கிய கடனைக் கட்டாத சங்கம் நலிந்துபோகும் என்பது நாம் அறிந்ததே. வாலிபர் வந்து சேராத சங்கமோ, ஒரு பைசா பாக்கியில்லாமல் கணக்கு நேராயிருந்தாலும், இருபது வருஷத்தில் தானே அவிந்துபோகும்.

கரிசல் நிலத்தின் நிபந்தனை

ஆற்றுப் பாய்ச்சலுள்ள ஊர்களில் ஒரு போகத்தில் செய்த பிழையை அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை. கோவிற்பட்டி வட்டாரத்தில் வருஷத்திற்குப் பெய்யும் மழை சராசரி சுமார் 700 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 28 அங்குலம். இதில் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வருவது. பிற சீமைகளில் ஆடிப் பட்டம் என்று பேசுகிறார்கள். மானாவாரிக் கரிசலுக்குப் பட்டம் புரட்டாசியே. அந்தச் சில வாரங்களைத் தவற விட்டவனுக்கு அந்த வருஷம் முழுவதுமே தவறிப்போகிறது.

கரிசலின் குணமும் விசித்திரமானது. கோடையில் கால் நுழையுமளவு வெடிக்கிறது. மழை பெய்தால் உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, உள்ளே சென்ற நீரை நெடுநாள் பிடித்து வைக்கிறது. ஆனால் நன்றாய் நனைந்து சேறாகிவிட்டாலோ, மாடும் ஏரும் இறங்க முடியாது, டிராக்டரும் இறங்க முடியாது. விதைக்கத் தகுந்த ஈரம் சில நாட்களுக்கு மட்டுமே நிற்கும். ஆகையால் இங்கே உழவு என்பது உடல் பலத்தினால் மாத்திரம் ஆகிற காரியமன்று. மழைக் கணக்கு, விதைத் தேர்ச்சி, காலப் பிரமாணம், கையில் சமயத்திற்குப் பணம் ஆகிய நான்கும் ஒன்று சேர வேண்டும்.

இவற்றை ஆராய்வதற்காகவே கோவிற்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஸ்தாபிக்கப்பட்டது. நூற்றிருபது வருஷங்களுக்கு மேலாக அது நடந்துவருகிறது. ஒரு காலத்தில் லங்காஷயர் வியாபாரிகள் வரை ‘தின்னவேலி’ என்று பெயர் சொல்லி வாங்கிய பருத்தியில் கருங்கண்ணியும் உப்பமும் கலந்திருந்தன. அவற்றில் கருங்கண்ணியைப் பொறுக்கித் தேற்றி, கே. 1 முதலாக வரிசையாய் இரகங்களை வெளியிட்டது இந்தப் பண்ணை. பிற்காலத்தில் கே. சி. 2, கே. சி. 3 என்னும் பருத்திகளும், கே. 12 என்னும் சோளமும் இங்கிருந்து வந்தவையே. இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் அறிவு, பண்ணை வேலியைத் தாண்டி நம் புஞ்சைக்கு வந்து சேரப் பல வருஷம் செல்வதேன்? உழவன் பிடிவாதக்காரன் என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமன்று. ஒரே ஒரு விளைச்சலை நம்பிக் குடும்பம் நடத்துகிறவன் தெரியாத விதையைத் தன் நிலம் முழுவதிலும் போட அஞ்சுவது விவேகமே. சோதனையின் நஷ்டத்தைத் தாங்கக் கூடியவர் வேறொருவர் வேண்டும். அந்த வேறொருவர்தாம் வாலிப உழவர் சங்கம்.

பிற தேசங்களில் நடந்தது

இந்த யோசனை புதிதன்று. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில், 1902-ஆம் ஆண்டில், ஏ. பி. கிரஹாம் என்னும் பள்ளிக்கூட மேற்பார்வையாளர் சிறுவர் சிறுமியரைக் கூட்டி, பரிசோதனைக்கென்று மக்காச்சோள விதையும் தோட்ட வேலையும் மண் பரீட்சையும் கொடுத்தார். பெரியவர்கள் சர்வகலாசாலை விதையை நம்பவில்லை. பிள்ளைகள் தங்கள் சிறு பாத்தியில் போட்டு வளர்த்ததைக் கண்ணாற் கண்டபின் தகப்பன்மார் விதை கேட்டு வந்தனர். இந்த இயக்கமே தலை, இருதயம், கை, ஆரோக்கியம் என்னும் நான்கையும் குறிக்கும் 4 எச் என்னும் பெயரால் பிற்பாடு உலகெங்கும் பரவியது. 1914-இல் அந்நாட்டுச் சட்டமொன்று விவசாயப் போதனையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தபோது இச்சங்கங்களும் அதில் அங்கமாயின.

இங்கிலாந்தில் டெவன் ஜில்லாவைச் சேர்ந்த ஹெமியாக் என்னும் கிராமத்தில் 1921-இல் முதல் வாலிப உழவர் சங்கம் தோன்றியது. அங்கே ஒரு பால் கம்பெனியின் துணையுடன் பிள்ளைகள் ஆளுக்கொரு கன்று வளர்த்தார்கள். 1932-இல் இச்சங்கங்களுக்கெல்லாம் ஒரு தேசிய சம்மேளனம் ஏற்பட்டது. அங்கே நாம் கவனிக்கத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. நான்கு மாடுகளை வரிசையாய் நிறுத்தி, எது முதல், எது கடைசி என்று வாலிபனே தீர்மானித்து, அதற்குரிய காரணங்களைச் சபையில் எழுந்து சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தெரியாதவனுக்கு அதிக மதிப்பெண் இல்லை. கண்ணும் நாவும் ஒருங்கே பயிற்சி பெறும் இந்த முறையை நாம் நான்கு ஆடுகளை வைத்தோ, நான்கு குவியல் பருத்தியை வைத்தோ செலவில்லாமல் நடத்தலாம்.

நம் நாட்டில் நடந்தது

நமக்கு அருகிலேயே உதாரணம் உண்டு. அக்காலத்தில் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் 1920-களில் ஒரு கிராமப் புனருத்தாரண நிலையம் நடத்தினர். அதன் தலைவராயிருந்த ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர், ஜனங்கள் தங்கள் கையாலேயே செய்துகொள்ள வேண்டும், அருகிலிருந்து அறிந்தவர் யோசனை சொல்ல வேண்டும் என்பதையே கொள்கையாகக் கொண்டார். பெரிய மூலதனம் வேண்டாத கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் அங்கே பரவின. தேனீ வளர்ப்போருக்கு 1937-இல் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. கன்னியாகுமரி ஜில்லாவின் தேன் இன்றும் பெயர் பெற்றிருப்பதற்கு அன்று இட்ட அஸ்திவாரம் ஒரு முக்கிய காரணம். இதில் கூட்டுறவாளர் கற்க வேண்டிய பாடம் யாதெனில், முதலில் பழக்கமும் பிறகு விற்பனைச் சங்கமுமாக, ஒன்று மற்றொன்றைத் தாங்கி நின்றது என்பதே.

சுதந்தரத்திற்குப் பிறகு, 1952 அக்டோபர் 2-ஆந் தேதி தொடங்கப்பட்ட சமுதாய அபிவிருத்தித் திட்டத்தில் வாலிபர் மன்றங்களுக்கும் இடமிருந்தது. 1982-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நபார்டு வங்கி, விகாஸ் தொண்டர் படை என்று ஓர் ஏற்பாட்டைச் செய்தது. அதுவே 2005-இல் உழவர் மன்றத் திட்டம் என்று பெயர் மாறியது. அதன் ஐந்து கொள்கைகளைக் கூட்டுறவு அங்கத்தினர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யலாம். கடனைச் சாஸ்திரீய முறைக்கு இசையச் செலவிடுதல், கடனின் நிபந்தனைகளை முற்றிலும் மதித்தல், வேலையைத் திறமையுடன் செய்து விளைவைப் பெருக்குதல், கடனால் வந்த அதிக வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமித்தல், தவணை தவறாது திருப்பிச் செலுத்துதல் என்பன அவை.

இவ்வளவு முயற்சிகள் நடந்திருந்தும், தொடங்கிய மன்றங்களில் பல பெயர்ப் பலகையோடு நின்றுபோனதை நீங்களே பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். சொந்தப் பணம் இல்லாமை, சொந்த வேலை இல்லாமை, பெரியவர்களே பதவியில் அமர்ந்துகொள்ளுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த மன்றமும் பிழைக்காது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இம்மூன்றையும் விலக்கும் வழிகளே.

யார் சேர வேண்டும்?

உழவர் சங்கம் என்றவுடன் முழு நேரமும் ஏர் பிடிப்பவன்தான் சேரலாம் என்று எண்ணுகிறோம். கரிசல் கிராமத்தின் நிலைமை அப்படியன்று. ஒரே வீட்டில் மூத்தவன் புஞ்சையைப் பார்க்கிறான். இளையவன் நூல் மில்லுக்குப் போகிறான். பெண் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். மருமகன் டிராக்டர் ஓட்டுகிறான். கடை வைத்திருப்பவன், கொத்தனார், மின்சார வேலை தெரிந்தவன், கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளன், பள்ளி ஆசிரியை, இந்தச் சங்கத்தின் விற்பனையாளன் ஆகிய யாவரும் கிராமத்திலேயே ஜீவனம் செய்பவர்கள். இவர்களையெல்லாம் விட்டுவிட்டு உழவர் சங்கம் அமைத்தால் பாதி ஊர் வெளியே நிற்கும்.

இவர்கள் சேர்வதால் சங்கத்திற்கு லாபம் என்பது வெளிப்படை. டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு எந்தப் புஞ்சையில் எத்தனை ஆழம் உழவு இறங்குகிறது என்று தெரியும். மில்லில் வேலை செய்கிறவனுக்கு எந்தப் பருத்தியில் குப்பை அதிகம், ஏன் விலை குறைகிறது என்று தெரியும். விற்பனையாளனுக்கு எந்த உரம் எந்த மாதத்தில் தட்டுப்படுகிறது என்று தெரியும். அவர்களுக்கும் லாபம் உண்டு. கணக்கு எழுதவும், சபையில் பேசவும், நடவடிக்கைக் குறிப்பு எழுதவும், நாலு பேரை அனுசரித்து ஒரு காரியத்தை முடிக்கவும் சங்கத்தில் பழகியவன், தன் தொழிலிலும் மேலே வருகிறான். அவனிடம் கொடுத்த பணத்திற்குக் கணக்கு வரும் என்று ஊரார் கண்டறிந்திருப்பது, சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் வாலிபனுக்கு எந்த ஜாமீனையும்விடப் பெரிது.

நிலமில்லாதவர் சேர்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலமுள்ளவர் பிள்ளைகள் மட்டும் கூடிய சங்கம் வாலிபர் சங்கமன்று. அது பட்டாதாரர் சங்கம். நிலமில்லாதவனுக்கு ஆடும் கோழியும் உண்டு. கிடை போடுவதில் தேர்ச்சி உண்டு. களை எடுப்பதிலும் பருத்தி எடுப்பதிலும் அவன் வீட்டுப் பெண்களுக்கு உள்ள அனுபவம் நிலக்காரனுக்குக் கிடையாது. பெண்களையும் முதல் நாளிலேயே சேர்க்க வேண்டும். ஆண்கள் வெளி வேலைக்குப் போகப்போக, புஞ்சை வேலையில் பெரும் பகுதி பெண்கள் கையில் இருக்கிறது. வேலை செய்கிறவரை வெளியே வைத்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசுவதில் என்ன அர்த்தமிருக்கிறது?

நேரம் எங்கே?

“மில்லுக்குப் போய்த் திரும்பும் பையனுக்கு நேரம் ஏது?” என்பது முதல் ஆக்ஷேபம். இதற்குக் கரிசல் வருஷமே விடை சொல்லுகிறது. பங்குனியிலிருந்து ஆவணி வரை நமக்கு வேலை நெருக்கம் குறைவு. கோடை மழைக்கு ஓர் உழவும், எரு அடித்தலும், வரப்புப் போடுதலும் தவிர மற்றைப் பொழுது பேச்சில் கழிகிறது. சங்கத்தின் கற்றல், கணக்குப் பழக்கம், பண்ணைக்குச் சென்று பார்த்துவருதல் எல்லாவற்றையும் இம்மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். புரட்டாசி ஐப்பசியில் விதைப்பு. அப்பொழுது கூட்டமே வேண்டாம், பாத்தியில் சந்தித்தால் போதும். கார்த்திகை மார்கழியில் வாரம் ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம் பூச்சி பார்த்தல். தையிலிருந்து அறுப்பும் பருத்தி எடுப்பும். அப்பொழுது நிறுத்துக் குறித்துக்கொள்ளுதல். ஆக, மாதம் ஒரு கூட்டமும் வாரம் ஒரு மணி நேரமும் கொடுக்கக் கூடியவன் நல்ல அங்கத்தினனாகலாம். அதற்கு மேல் கேட்கும் சங்கம் உத்தியோகத்தையும் கெடுத்துத் தானும் கெடும்.

என்ன வேலை செய்வது?

வேலை கொஞ்சமாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். முதல் வருஷத்திற்கு நான் ஐந்தைச் சொல்லுகிறேன்.

முதலாவது, மழை அளத்தல். பக்கம் நேராயும் அடி தட்டையாயும் உள்ள பாத்திரமொன்றை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் நிறுத்தி, தினமும் காலை எட்டரை மணிக்கு நின்ற நீரின் ஆழத்தை அளந்து எழுதுவது. ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் நீர். அப்படியானால் 25 மில்லிமீட்டர் பெய்த ஒரு மழையில் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் வருகிறது. இந்தக் கணக்கைத் தன் கையால் போட்டுப் பார்த்த வாலிபனுக்கு, புஞ்சையில் எட்டு மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று சிறு பாத்திகள் கட்டி நீரை நிறுத்துவதும், பண்ணைக்குட்டை வெட்டுவதும் ஏன் என்று யாரும் உபதேசிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, முளைப்புப் பரீட்சை. விதைப்புக்கு இரண்டு வாரத்திற்கு முன், அங்கத்தினர் வீடுகளிலிருந்து விதை வாங்கி, நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ண வேண்டும். உளுந்தில் நூற்றுக்கு 75-க்குக் குறைந்தால் அது சர்டிபிகேட் விதைக்குரிய தரமன்று. இந்தப் பரீட்சைக்குச் செலவு ஒன்றுமில்லை. பட்டம் தவறிய பின் மறு விதைப்புச் செய்யும் நஷ்டமோ ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளக்கூடியது.

மூன்றாவது, ஒரு சோதனைப் பாத்தி. அரை ஏக்கரை இரண்டு இருபத்தைந்து சென்ட்டாய்ப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஊர் வழக்கப்படி சோளம். மற்றொன்றில் அதே சோளத்தை, விவசாயச் சர்வகலாசாலையார் சொல்லும் முறைப்படி கடினப்படுத்தி, பருவ மழைக்கு முன் புழுதியிலேயே விதைத்தல். முறை வருமாறு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்னும் உப்பைக் கரைத்து, விதைக்குச் சம அளவான கரைசலில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய உலர்ச்சிக்கு வரும்வரை காயவைத்து, சுமார் இரண்டு அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும். சிறு தூறலுக்கு அந்த ஆழத்தில் விதை முளைக்காது. தக்க மழை பெய்து ஈரம் இறங்கினால்தான் முளைக்கும். மழை பெய்தபின் ஏர் இறங்கக் காத்திருக்கும் நாட்கள் மிச்சமாகின்றன. உரம், களையெடுப்பு முதலிய மற்றெல்லாம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு வருஷ விளைவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். மானாவாரியில் ஒரு வருஷம் போல் மற்றொரு வருஷம் இராது. மூன்று வருஷமாவது பார்த்துப் பேசுங்கள். புதிய முறை தோற்றாலும் அந்தத் தோல்வியை எழுதி வையுங்கள். அதுவும் ஊருக்கு லாபமே.

நான்காவது, பூச்சி பார்த்தல். மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு 2018-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு, அந்த வருஷமே தமிழ்நாட்டுக்கும் வந்து பெருஞ்சேதம் செய்தது. அதன் பெயரே பலருக்குத் தெரிவதற்கு முன் குருத்துகள் போய்விட்டன. வாரம் ஒரு முறை இரண்டு வாலிபர் புஞ்சையில் நுழைந்து, ஐந்து இடங்களில் இருபது இருபது செடிகளைக் குருத்து விரித்துப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை என்று சங்கப் பலகையில் எழுதினால், மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை விவசாய அதிகாரியிடம் கேட்டு ஊரே ஒன்றாய் முடிவு செய்யலாம். வேண்டாத மருந்துக்குச் செலவழியாமல் நிற்கும் பணம் சிறிதன்று.

ஐந்தாவது, ஆடு சுற்றுதல். சங்கப் பணத்தில் இரண்டு பெட்டை ஆடுகள் வாங்கி நிலமில்லாத அங்கத்தினர் இருவரிடம் கொடுப்பது. அவர்கள் முதற் பெட்டைக் குட்டியைச் சங்கத்திற்குத் திருப்ப, அது அடுத்தவருக்குப் போகும். ஆடு கொடுத்தவருக்கே சொந்தமாகிவிடும். கடன் என்பது ஒருவர் வாங்கித் தின்பதன்று, ஒருவர் திருப்பினால்தான் மற்றொருவருக்குக் கிடைக்கும் என்னும் கூட்டுறவுத் தத்துவத்தை இதைவிட எளிதாய்ப் போதிக்கும் பாடம் எனக்குத் தெரியாது.

இவற்றுடன் ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். கோவிற்பட்டிக்கு அடுத்த இடைசெவலில் உழவராய் வாழ்ந்த கி. ராஜநாராயணன் அவர்கள், எழுத்தாளராய் 1991-இல் சாகித்திய அக்காதமிப் பரிசு பெற்றார், 2021-இல் காலமானார். அவர் கரிசல் ஜனங்கள் மண்ணுக்கும் மழைக்கும் பயிருக்கும் மாட்டுக்கும் வழங்கும் சொற்களைத் திரட்டி அகராதியே செய்து வைத்தார். நம் பெரியவர்கள் வாயில் இருப்பது வெறும் பேச்சன்று, அதில் நூறு வருஷத்து அனுபவம் உண்டு என்பதற்கு அந்த அகராதியே சாட்சி. வாலிபர்கள் எழுதும் நோட்டில் பண்ணையார் சொன்னதும் பாட்டி சொன்னதும் பக்கத்தில் பக்கமாய் இருக்கட்டும்; எது மெய் என்பதைப் பாத்தி சொல்லும்.

சங்கத்தின் சட்டதிட்டங்கள்

சட்டதிட்டங்கள் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பதினான்கு வயதிலிருந்து முப்பது வயது வரை உள்ள எவரும் சேரலாம். மாதச் சந்தா இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபது பேருக்கு வருஷத்தில் 4,800 ரூபாய் சேரும். தொகை சிறிது, ஆனால் அது அவர்களுடைய பணம். வெளியாரின் மானியத்தை நம்பிப் பிறந்த மன்றம் மானியம் நின்ற அன்றே நிற்கும். தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் ஆகிய மூவரும் வருஷந்தோறும் மாற வேண்டும்; ஒருவரே தொடர்ந்து இருக்கக் கூடாது. கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்க வேண்டும். முப்பது வயதுக்கு மேற்பட்டவர் யோசனை சொல்லலாம். வோட்டுப் போடக் கூடாது. கூட்டத்தை எல்லாத் தெருவாரும் தடையின்றி வந்துபோகும் பொது இடத்தில்தான் நடத்த வேண்டும். பெண்கள் இருட்டுமுன் வீடு திரும்ப இடமிருக்குமாறு நேரம் குறிக்க வேண்டும். அரசியல் கட்சிப் பேச்சும், தெருச் சண்டையும் வாசலுக்கு வெளியே.

கூட்டுறவுச் சங்கத்தார் கடமை

அங்கத்தினர்களே! இனி உங்கள் பங்கைச் சொல்லுகிறேன். இந்த மகாசபையில் நான்கு தீர்மானங்கள் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

வாலிபர் கூடுவதற்குச் சங்கக் கட்டடத்தில் மாதம் ஒரு மாலை இடம் கொடுப்பது ஒன்று. மனமுள்ள அங்கத்தினர் ஒருவர் மூன்று வருஷத்திற்கு அரை ஏக்கர் புஞ்சையைச் சோதனைப் பாத்திக்கு விடுவதும், விளைவு குறைந்தால் அந்தக் குறைவைச் சங்கத்தாரும் வாலிபரும் பகிர்ந்து ஈடு செய்வதும் இரண்டு. நிர்வாகக் கூட்டத்தில் வாலிபர் சங்கத்தின் இரு பிரதிநிதிகள், ஒருவர் பெண்ணாக, உட்கார்ந்து கேட்கவும் கேள்வி கேட்கவும் இடம் அளிப்பது மூன்று. பதினெட்டு வயது நிரம்பிய வாலிபர் ஒவ்வொருவரையும் பங்கு வாங்கி அங்கத்தினராகும்படி நேரில் அழைப்பது நான்கு.

இவற்றால் சங்கத்திற்கு என்ன வரும் என்று கேட்பீர்கள். தவணைக்குள் கடன் திருப்புவோருக்குப் பயிர்க்கடனில் வட்டியில்லை என்னும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆயினும் தவணைத் தேதி தெரியாமலே அந்தச் சலுகையை இழப்பவர் உண்டு. படித்த பிள்ளை ஒருவன் வீடு வீடாய்ப் போய்த் தேதியை நினைவூட்டினால், பயிர் இன்ஷூரன்சுக்கு உரிய காலத்தில் பதிவு செய்யச் சொன்னால், அந்த ஒரு வேலையிலேயே நீங்கள் கொடுத்த இடத்திற்கு வாடகை வந்துவிடும். பின்னால் உளுந்தையோ பருத்தியையோ ஒன்றாய்த் திரட்டி விற்க உழவர் உற்பத்தியாளர் கம்பெனி அமைக்க நேர்ந்தாலும், கணக்கு எழுதவும் தராசு பிடிக்கவும் பழகிய ஆட்கள் உள்ளூரிலேயே தயாராயிருப்பார்கள்.

சில ஆக்ஷேபங்கள்

“பழக்கிவிட்டால் பட்டணத்துக்குப் போய்விடுவான்” என்பது ஓர் ஆக்ஷேபம். சிலர் போகத்தான் செய்வார்கள். அதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் போகிறவன் எல்லாரும் ஊதியம் ஒன்றையே கருதிப் போகவில்லை. ஊரில் தன் சொல்லைக் கேட்பார் யாருமில்லை, தகப்பனார் இருக்கும்வரை தனக்கு ஒரு பாத்தியிலும் அதிகாரமில்லை என்னும் மனக்குறையாலும் போகிறான். அந்தக் குறையைப் போக்குவது நம் கையில் இருக்கிறது.

“தெருவுக்குத் தெரு பிரிவினையுள்ள ஊரில் எல்லாரும் ஒன்றாய் உட்காருவார்களா?” என்பது மற்றொன்று. இந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் எல்லாத் தெருவாரும் ஒரே புத்தகத்தில் பெயரெழுதி, ஒரே மேஜையில் பணம் கட்டுகிறார்கள். கடனுக்கு ஒன்றாய் நிற்கக் கூடியவர்கள் கல்விக்கு நிற்கக் கூடாதா? தொடக்கத்தில் சங்கடம் இருக்கும். பிள்ளைகள் சேர்ந்து விதை எண்ணும் இடத்தில் அது சீக்கிரம் குறையும். பெரியவர்கள் இடையில் புகாதிருந்தால் இன்னும் சீக்கிரம் குறையும்.

“விளையாட்டுப் பிள்ளைகள் கையில் பணத்தைக் கொடுப்பதா?” என்பது மூன்றாவது. இருபது ரூபாய்ச் சந்தாவில் கணக்குத் தவறுகிறவன் யார் என்பதை இருபது வயதிலேயே கண்டுகொள்வது நல்லது. இருபது லட்சம் ரூபாய்க் கடன் புத்தகம் கைக்கு வந்த பிறகு கண்டுகொள்வதில் சங்கத்திற்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

முடிவுரை

வாலிப நண்பர்களே! உங்கள் உத்தியோகத்தை விடும்படி நான் சொல்லவில்லை. மில்லுக்குப் போகிறவர் போங்கள். கடை பார்க்கிறவர் பாருங்கள். வாரத்தில் ஒரு மணி நேரத்தை உங்களைப் பெற்ற மண்ணுக்குக் கொடுங்கள். உங்கள் தொழில் எதுவாயினும், அந்தக் கரிசல் விளைந்தால்தான் கடையில் வியாபாரம், டிராக்டருக்கு வாடகை, சங்கத்தில் வசூல், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள். விளையாத வருஷத்தில் எல்லாக் கதவும் ஒன்றாய் அடைபடுவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள்.

பெரியோர்களே! புரட்டாசிக்கு இன்னும் நாளிருக்கிறது. பாத்தி கட்டவும், மழைப் பாத்திரம் நிறுத்தவும், விதை சேகரிக்கவும் இதுவே சமயம். இன்றே நான்கு தீர்மானங்களையும் நிறைவேற்றி, வருகிற மாதத்தில் முதல் கூட்டத்தைக் கூட்டுங்கள். அடுத்த மகாசபைக்கு முன், அரை ஏக்கரில் எத்தனை கிலோ விளைந்தது என்று ஒரு பெண்ணோ பையனோ எழுந்து நின்று வாசிக்கட்டும். நீங்கள் கேள்வி கேளுங்கள். அவர்கள் காரணம் சொல்லட்டும். அன்று உங்கள் அங்கத்தினர் புத்தகத்தை மறுபடியும் எண்ணிப் பார்த்து, கிடைத்த இலக்கத்தை இன்றைய இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.